எட்டுக் கோருக்கு ஒரு பாகப்பிரிவினை

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எதுவும் எழுதலை. ஆபீசில் ஆணி அதிகம்னு வழக்கமான சால்ஜாப்பு சொல்லலாம். உண்மை என்னன்னா, 2025 தீபாவளி லீவிலிருந்து சாயங்காலம் ஆனா நான் பையனோட கம்ப்யூட்டர் முன்னாடிதான் உட்கார்ந்திருக்கேன். விளையாட இல்லைங்க, பராமரிப்பு வேலை. வீட்டில் தங்கமணி என்னை 'ரெண்டாவது ஷிஃப்ட்'னு கூப்பிட ஆரம்பிச்சாச்சு.

கதை கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும். பிள்ளைங்க கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடுற வீடா இருந்தா உங்களுக்கு உபயோகப்படும். இல்லைன்னா டெக்னிக்கல் பத்தியைத் தாண்டிட்டு எங்க ஊர் வீட்டைப் பத்தி மட்டும் படிங்க. எனக்கும் அதுதான் முக்கியம்.

புனேக்கு வந்து இருபது வருஷம் ஆகப்போகுது. பையன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான், இப்போ பத்தாவது. கீழ் வீட்டு ஆஜியோட பேசுற மராத்தியில் பிசிறே இருக்காது. பதினாறுன்னு எண்ணச் சொன்னா முதல்ல 'சோளா'ன்னு வாயில் வரும், அப்புறம் நம்ம மூஞ்சியைப் பார்த்துட்டுத் திருத்திக்குவான். தமிழ் புரியும். ஆனா பேசுறது அம்மாகிட்ட சாப்பாடு கேட்கிற அளவுக்குத்தான். அப்படி இருந்தவன் ஒரு வருஷமா தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் சுத்தமான திருநெல்வேலித் தமிழ் பேசுறான். காரணம், பாளையங்கோட்டையில் இருக்கிற என் அண்ணன் மகன். ரெண்டு பேரும் சேர்ந்து மைன்கிராஃப்ட் ஆடுறாங்க. "ஏல, அங்கன போவாத, விழுந்துருவ"ன்னு என் பையன் கத்துறதை முதல் தரம் கேட்டப்போ யார் வீட்டுக்குள்ள வந்துட்டாங்கன்னு எட்டிப் பார்த்தேன் :-)

மைன்கிராஃப்ட் தெரியாதவங்களுக்கு: சதுரக் கட்டையா அடுக்கி என்ன வேணா கட்டலாம். ஒரு கட்டை ஒரு மீட்டர் கணக்கு. இவனுங்க ரெண்டு பேரும் கட்டிக்கிட்டு இருந்தது அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருந்த எங்க பூர்வீக வீட்டை.

'இருந்த'ன்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. அப்பா 2018-ல் தவறினார். 2021-ல் வீட்டை வித்துட்டோம். வாங்கினவர் இடிச்சுட்டு அந்த இடத்தில் வேற கட்டிட்டார். விக்க வேண்டாம்னு நான் சொன்னேன். "புனேல இருந்துக்கிட்டு சொல்றது லேசு. வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி ஓடு மாத்துறது யாரு, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடுறது யாரு"ன்னு அண்ணன் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனா அன்னைக்கு எனக்கு அது நியாயமாத் தெரியலை. நான் பதிலுக்குச் சொன்ன ரெண்டு வார்த்தையை இங்கே எழுத முடியாது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுட்டு அன்னைக்கு ராத்திரியே ரயில் ஏறினேன். அப்புறம் எங்களுக்குள்ள பேச்சு அம்மாவோட மாத்திரை, டாக்டர் ஃபீஸ், அவ்வளவுதான். அதுவும் பாதி நாள் மதினி மூலமா.

பசங்களுக்கு இதெல்லாம் தெரியாது. இல்லை, தெரிஞ்சும் கண்டுக்கலையோ என்னவோ. சின்ன வயசில் அந்த வீட்டில் ரெண்டு கோடை லீவு ஒண்ணாக் கழிச்சிருக்கானுங்க, அது போதும். பட்டாசல், தார்சா, அரங்கு, அடுப்படி, அங்கணம், புறவாசல்னு வரிசையா எழுப்பிக்கிட்டு வந்தாங்க. ஞாபகம் இல்லாத இடத்தில் ஆச்சியைக் கேட்பாங்க. அம்மா அண்ணன் வீட்டில்தான் இருக்காங்க. அண்ணன் மகன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஸ்கிரீனைப் பார்த்து, "கெணறு அங்கன இல்லல, பொறவாசலுக்கு எடது கைப் பக்கம்"னு திருத்துவாங்க. போன வருஷத்திலிருந்து அம்மாவுக்கு மறதி அதிகம். காலையில் மாத்திரை போட்டாச்சான்னு தெரியாது. ஆனா அரங்கு வீட்டு நிலைப்படி எத்தனை விரக்கடை உயரம், தலையில் இடிக்காம எப்படிக் குனிஞ்சு போகணும்னு கேட்டா உடனே பதில் வரும். இன்னும் எத்தனை நாளைக்கு வரும்னு தெரியாது. எனக்கு அதுதான் கவலை.

இந்தச் சமயம் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது.

படம் ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு ரெண்டு மூணு செகண்டு உறைஞ்சு நிக்கும். அண்ணன் மகன் வச்ச கட்டை மறுபடி அவன் கைக்கே திரும்பி வந்துடும். குரலும் துண்டு துண்டா வரும். "கெண... பொற... கைப்பக்..."னு அம்மா குரல் உடையறதை நானே கேட்டேன். ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்தாங்க. மூணாம் நாள், "எனக்கு ஒண்ணும் வெளங்கலய்யா, நீங்க வெளையாடுங்க"ன்னு எந்திரிச்சுப் படுக்கப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் நாலைஞ்சு நாள் அந்த நாற்காலியில் வந்து உட்காரவே இல்லை.

பையன் தீர்ப்பு ரெடியா வச்சிருந்தான்: புது மெஷின் வேணும். அதுவும் லட்ச ரூபாய்க்குப் பக்கத்தில் ஒரு பட்டியல். அண்ணன் மகன் தீர்ப்பு: "சித்தப்பா, உங்க புனே நெட்டு சரியில்ல." தங்கமணி தீர்ப்பு: பத்தாவது படிக்கிற பையனுக்கு எதுக்கு இதெல்லாம். மூணு தீர்ப்பும் எனக்கு ஒப்புக்கலை. வண்டி எஞ்சினுக்குள்ள இருக்கிற குட்டிக் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதித்தான் நான் சோறு சாப்பிடுறேன். எந்த வேலை எந்தக் கோரில் ஓடணும்னு பிரிச்சு வைக்கிறது எனக்குத் தினசரிப் பாடு. வீட்டில் இருக்கிற மெஷின் நம்மளை ஏமாத்தலாமா?

முதல்ல நெட். பிங் பார்த்தேன். பாளையங்கோட்டைக்குப் போய்த் திரும்ப 40 மில்லிசெகண்டுக்குப் பக்கம், ஆடாம அசையாம நின்னுது. படம் உறையும்போதும் அதே 40. அப்போ நெட் மேல தப்பில்லை.

மெஷின் 2019-ல் நான் பாகம் பாகமா வாங்கிச் சேர்த்தது. ஏஎம்டி ரைசன் 7 2700. எட்டுக் கோர், ஒவ்வொரு கோரும் ரெண்டு வேலையை ஒரே நேரத்தில் பார்க்கும், ஆக விண்டோஸ் கண்ணுக்குப் பதினாறு. 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. மைன்கிராஃப்டுக்கு இது தாராளம். ஆனா பையன் ஓடவிட்டது மைன்கிராஃப்ட் மட்டும் இல்லை. அந்த உலகத்தோட சர்வரும் இதே மெஷினில்தான். இடையில் ஒரு மென்பொருள் போட்டு ரெண்டு வீட்டையும் ஒரே லேன் மாதிரி ஆக்கியிருந்தான் (இதை அவனாவே கத்துக்கிட்டான், எனக்கு உள்ளூரப் பெருமை, வெளியே காட்டிக்கலை). அது போக டிஸ்கார்டில் பேச்சு. அதுவும் போக, கட்டுறதையெல்லாம் ஆச்சிக்குப் போட்டுக் காட்டணும்னு வீடியோ பதிவு வேற.

சர்வரோட கறுப்பு ஜன்னலைத் திறந்து பார்த்தேன். வரிசையா ஒரே புலம்பல்: "கான்ட் கீப் அப்! இஸ் த சர்வர் ஓவர்லோடட்?" கூடவே, 2500 மில்லிசெகண்டு, அதாவது 50 டிக் பின்தங்கிட்டேன்னு ஒரு கணக்கு. மைன்கிராஃப்ட் சர்வருக்கு ஒரு தாளம் உண்டு. செகண்டுக்கு 20 டிக், ஒரு டிக்குக்கு 50 மில்லிசெகண்டு. அந்த 50-க்குள்ள உலகத்தில் நடக்கிற எல்லாத்தையும் முடிச்சாகணும். இதில் பெரும்பங்கு வேலையை ஒரே ஒரு திரெட்தான் செய்யும். அதை ஒருத்தன் மறிச்சு நின்னா, அடுத்த டிக் தள்ளிப்போகும், பாளையங்கோட்டையில் வச்ச கட்டை கைக்குத் திரும்பிடும்.

டாஸ்க் மேனேஜரில் பதினாறு பெட்டியையும் தனித்தனியாப் பார்த்தா, அண்ணன் மகன் புது இடத்துக்கு நடக்கிற நேரத்தில் அத்தனையும் உச்சியில் முட்டிக்கிட்டு நின்னுது. புது நிலம் உருவாக்க சர்வர் பல திரெட்டைக் கிளப்பும். அதே நேரத்தில் விளையாட்டும் அந்த நிலத்தை வரைய அதன் பங்குக்குக் கிளப்பும். சர்வரும் ஜாவா, விளையாட்டும் ஜாவா. ரெண்டும் திறக்கும்போதே மெஷினில் எத்தனை கோர் இருக்குன்னு எண்ணிப் பார்த்து, குப்பை அள்ள அதுக்கேத்த மாதிரி ஆள் வச்சுக்கும். பதினாறு தெரிஞ்சா ஜாவா வழக்கமா வைக்கிறது 13 பேரை. ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து 26 பேர், ஒரே முற்றத்தில், ஒரே நேரத்தில் துடைப்பத்தோட. நடுவில் வீடியோ பதிவும் எல்லாக் கோரையும் மேயுது. டிஸ்கார்டு குரலை 20 மில்லிசெகண்டுத் துண்டாத்தான் அனுப்பும். அந்தத் துண்டுக்கு நேரத்துக்கு இடம் கிடைக்கலைன்னா அம்மா குரல் உடையும்.

இங்கே ஒரு கொசுவத்தி. 2006-ல் நாங்க நாலு பேர் சேர்ந்திருந்த ரூமில் ஒருத்தன் அத்லான் 64 எக்ஸ்2 வாங்கினான். ரெண்டு கோர் இருக்கிற மெஷின் எங்களுக்கு அதுதான் முதல். பழைய விளையாட்டைப் போட்டா ஆளுங்க பேய் பிடிச்ச மாதிரி ஓடுவாங்க, நிப்பாங்க, மறுபடி ஓடுவாங்க. நேரம் பார்க்க விளையாட்டு பிராசஸருக்குள்ள இருக்கிற ஒரு கவுன்ட்டரைப் படிக்கும். ரெண்டு கோரிலும் அந்தக் கவுன்ட்டர் ஒண்ணுபோல ஓடாது. ஒரு கோரிலிருந்து இன்னொண்ணுக்கு மாறினா கடிகாரம் பின்னாடி போன மாதிரி ஆயிடும். ஏஎம்டியே இதைச் சரிபண்ண ஒரு குட்டி நிரல் வெளியிட்டது. எங்க வைத்தியம் அதைவிட எளிசு: எக்ஸ்பியில் டாஸ்க் மேனேஜர், வலது கிளிக், செட் அஃபினிட்டி, ஒரு கோரை மட்டும் விட்டுட்டு மத்ததை எடுத்துடு. ஆசாமி அடங்கிடுவான். புதுசா வந்த மெஷின்களில் கவுன்ட்டர் ஒழுங்கா ஓடுது, அந்தக் காரணத்துக்காக யாரும் கட்டிப்போட வேண்டியதில்லை. ஆனா அந்த மெனு இருபது வருஷமா அங்கேயேதான் இருக்கு, இப்போ 'டீட்டெய்ல்ஸ்' பக்கத்துக்குள்ள.

அந்த தைரியத்தில் நேரா அதைத் திறந்து, வல்லுநர் மாதிரி ஒரு வேலை பண்ணினேன். சர்வர் எப்படியும் ஒரே திரெட்டில்தானே ஓடுது, அதுக்கு ஒரு கோர் போதும்னு கணக்குப் போட்டு, ஒரே கோரில் கட்டிட்டு மீதி ஏழையும் விளையாட்டுக்குக் கொடுத்தேன். அன்னைக்கு சாயங்காலம் அந்தக் கறுப்பு ஜன்னல் புலம்பினதை நீங்க பார்த்திருக்கணும். தாளம் போடுறவன் ஒருத்தன்தான், சரி. ஆனா நிலம் உருவாக்குறவன், குப்பை அள்ளுறவன், கோப்பு எழுதுறவன்னு அவன் குடும்பம் மொத்தத்தையும் ஒரே அறையில் தள்ளிட்டேன். அவனுங்க நெருக்கியடிச்சதில் தாளக்காரனுக்கே இடமில்லை. இருபது வருஷ அனுபவமாம் :-(

இன்னொண்ணும் நான் கவனிக்காம விட்டேன். அஃபினிட்டிங்கிறது வேலி மட்டும்தான். நீ இந்தக் கோரைத் தாண்டி வெளியே போகக் கூடாதுன்னு ஒரு நிரலைத் தடுக்கும். மத்தவன் உள்ளே வரக் கூடாதுன்னு தடுக்காது. நீங்க விளையாட்டுக்குன்னு ஒதுக்கின கோருக்குள்ள வைரஸ் ஸ்கேன் சாவகாசமா வந்து உட்கார்ந்துக்கும். ஆபீசில் நான் தொடுற லினக்ஸில் சில கோர்களைப் பொதுப் புழக்கத்திலிருந்தே விலக்கி வைக்க வழி உண்டு. விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் அப்படி இல்லை. அதனால ஒருத்தனை மட்டும் கட்டினால் போதாது, தின்கிற ஆள் அத்தனை பேருக்கும் வரப்பு போட்டாகணும்.

நான் யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே பையன் எங்கேயோ ஒரு வீடியோ பார்த்துட்டு, சர்வருக்கு 'ரியல்டைம்' முன்னுரிமை கொடுத்துட்டான். மவுஸ் நின்னுது, கீபோர்டு நின்னுது, பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சுத்தான் அணைக்க முடிஞ்சுது. சர்வர் அப்பப்போ தானாவே சேமிச்சுக்கும்கிறதால அடுப்படிச் சுவரில் கொஞ்சம் போனதோட தப்பிச்சோம். தயவுசெஞ்சு அந்த ரியல்டைம் பக்கம் யாரும் போகாதீங்க. ரொம்பத் தேவைன்னா 'ஹை', அதோட நிறுத்திக்கணும்.

ஞாயித்துக்கிழமை காப்பி குடிச்சுட்டு, பேப்பர் பேனா எடுத்து ஒழுங்கா உட்கார்ந்தோம்.

இந்த 2700-க்குள்ள எட்டுக் கோரும் ஒரே கூடத்தில் இல்லை. நாலு நாலா ரெண்டு கட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் தனியா 8 எம்பி கேஷ். இந்தக் கட்டில் இருக்கிறவன் அந்தக் கட்டில் இருக்கிற சாமானை எடுக்கணும்னா நடுவில் இருக்கிற பாலத்தைத் தாண்டிப் போகணும், அதுக்கு நேரம் ஆகும். பையனுக்கு இதை எப்படிச் சொல்லிப் புரியவைக்கிறதுன்னு பார்த்தேன். அவன் கட்டிவச்ச வீடே ஸ்கிரீனில் நின்னுது. "நம்ம வீட்டு அரங்குல நெல்லுக் குலுக்கை இருந்துச்சுல்ல? அந்த மாதிரி ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு குலுக்கை. ரெண்டு குடும்பமும் ரெண்டு கட்டிலும் மாறி மாறி அலைஞ்சா ஒருத்தர் கொட்டி வச்ச நெல்லை இன்னொருத்தர் அள்ளி வெளியே போடுவாங்க. சர்வருக்கு ஒரு கட்டு, விளையாட்டுக்கு ஒரு கட்டு. அவங்கவங்க குலுக்கை அவங்கவங்களுக்கு." டக்குனு பிடிச்சுக்கிட்டான்.

காய்கறி நறுக்கிக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்த தங்கமணி தலையைத் தூக்காமச் சொன்னாங்க: "கம்ப்யூட்டருக்கு நல்லாத்தான் பாகம் பிரிக்கிறீங்க. இந்தப் பொறுமை 2021-ல எங்க போச்சு?"

நான் பதில் சொல்லலை. என்ன சொல்றது.

பதினாறு பெட்டிக்கு பூஜ்யத்திலிருந்து பதினைஞ்சு வரை நம்பர். எங்க மெஷினில் முதல் எட்டு ஒரு கட்டு, அடுத்த எட்டு இன்னொரு கட்டு. பூஜ்யம் நம்பரில் டிரைவர்களோட சில்லறை வேலை அதிகமா விழும்கிறதால, அந்தப் பக்கத்தை சர்வருக்குக் கொடுத்துட்டு, ரெண்டாவது கட்டை விளையாட்டுக்கு வச்சோம். டாஸ்க் மேனேஜரில் டிக் எடுக்கலாம், ஆனா நிரலை மூடினா மறந்துடும். அதனால சர்வரைக் கிளப்புற பேட்ச் கோப்பிலேயே எழுதிட்டோம்: ஸ்டார்ட், சாய்கோடு போட்டு அஃபினிட்டி, எஃப்எஃப், அப்புறம் வழக்கமான ஜாவா கட்டளை. அந்த எஃப்எஃப் என்னன்னு கேட்டான். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு இலக்கம், வேணும்னா 1, வேண்டாம்னா 0, வலது பக்கத்திலிருந்து எண்ணணும். எட்டு ஒண்ணு, 11111111, அதைப் பதினாறு அடிமானத்தில் சுருக்கினா எஃப்எஃப். அப்போ அடுத்த கட்டுக்கு எஃப்எஃப்00-ஆன்னு அவனே கேட்டான். ஸ்கூலில் ஒரு மாசமாப் புரியாத இரும எண் பத்து நிமிஷத்தில் உள்ளே போச்சு. (தங்கமணி, நோட் பண்ணிக்கோங்க.)

இப்படி முதலிலேயே கட்டித் திறக்கிறதில் இன்னொரு லாபம். ஜாவா எண்ணிப் பார்க்கும்போது பதினாறுக்குப் பதில் எட்டுதான் தெரியும், துடைப்பக்காரங்களும் எட்டுப் பேரோட நிப்பாங்க. திறந்த பிறகு டாஸ்க் மேனேஜரில் மாத்தினா இந்த ஆள்குறைப்பு நடக்காது. விளையாட்டு அதன் லாஞ்சர் வழியாத் திறக்கிறதால அதுக்கு பிராசஸ் லாஸோன்னு ஒரு மென்பொருள் போட்டேன். பேரைச் சொல்லி வச்சா ஒவ்வொரு தரமும் அதுவே வேலி போடும். சர்வர் பேர் ஜாவா, விளையாட்டு பேர் ஜாவாடபிள்யூ. பேர் வேறங்கிறதால குழப்பம் இல்லை. டிஸ்கார்டைக் கட்டவே இல்லை, முன்னுரிமையை ஒரு படி ஏத்திட்டு எங்கே வேணா சுத்துன்னு விட்டுட்டேன்.

வீடியோ பதிவைப் பிராசஸரிலிருந்து எடுத்து கிராஃபிக்ஸ் கார்டு தலையில் வச்சோம். என்விடியா கார்டில் அதுக்குன்னே தனி உறுப்பு இருக்கு, சும்மா கிடந்துது. நேர்மையாச் சொல்லணும்னா, பலனில் பாதி இதனாலதான். அஃபினிட்டியைத் தொடுறதுக்கு முன்னாடியே நான் பார்த்திருக்க வேண்டிய இடம் இது.

சாயங்காலம் ஓட்டிப் பார்த்தோம். கறுப்பு ஜன்னலில் ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு புலம்பல், அதுவும் சர்வர் திறந்த உடனே. முன்னாடி பத்துப் பதினைஞ்சு வரும். விளையாட்டோட சராசரி ஃபிரேம் ஏறலை. சொல்லப்போனா 110-லிருந்து 102-க்கு இறங்கிடுச்சு, பாதிக் கோரைப் பிடுங்கிக்கிட்டோமே. பையன் முகம் தொங்கிப்போச்சு. சராசரியைப் பார்க்காத, ரொம்ப நேரம் எடுத்த ஃபிரேமைப் பாருன்னு சொன்னேன். செகண்டுக்கு அறுபதுன்னா ஒவ்வொண்ணுக்கும் 16.7 மில்லிசெகண்டு. ஐம்பத்தொன்பது சட்டுனு வந்துட்டு ஒண்ணு மட்டும் அரை செகண்டு படுத்துட்டா, கண்ணுக்குத் தெரியறது அந்த ஒண்ணுதான். அப்படிப் படுத்துக்கிற ஃபிரேம் இப்போ இல்லை.

புது மெஷின் வச்சிருக்கிறவங்க இதைப் படிச்சுட்டு உடனே வேலி போடக் கிளம்பிடாதீங்க. 2020-ல் வந்த ரைசன் 5000 வரிசையிலிருந்து எட்டுக் கோரும் ஒரே கட்டில், ஒரே கேஷில் இருக்கு, இந்த நாலு நாலு கதை அங்கே கிடையாது. 2021-ல் வந்த இன்டெல் பன்னிரண்டாம் தலைமுறையிலிருந்து பெரிய கோர், சின்னக் கோர்னு ரெண்டு ஜாதி. எது யாருக்குன்னு விண்டோஸ் 11-க்குக் காதில் ஓதுறதுக்கு பிராசஸருக்குள்ளேயே ஆள் இருக்கு. அது நம்மளைவிட நல்லாவே பண்ணும். அது வந்த புதுசில் சில பழைய விளையாட்டுகளின் திருட்டுத் தடுப்பு நிரல், சின்னக் கோரைப் பார்த்துட்டு இது வேற கம்ப்யூட்டர்னு நினைச்சு ஓட மறுத்துது. அதுக்கு பயாஸில் ஒரு வசதி கொடுத்தாங்க, கீபோர்டில் ஸ்க்ரோல் லாக்கைத் தட்டினா சின்னக் கோரெல்லாம் தூங்கப் போயிடும். ஸ்க்ரோல் லாக்குக்கு என் வாழ்நாளில் நான் பார்த்த ஒரே உபயோகம் அதுதான். அப்புறம், சில ஆன்லைன் போட்டி விளையாட்டுகளில் ஏமாத்துறதைத் தடுக்கிற நிரல் இருக்கும், அஃபினிட்டியைத் தொட விடாது. வம்பு பண்ணாதீங்க, கணக்கு முடங்கினா பிள்ளை உங்க கூடப் பேசாது.

மறுபடி ஊர் வீட்டுக்கு வர்றேன்.

அடுத்த நாள் மதினிக்கு போன் பண்ணி, அம்மாவை அந்த நாற்காலியில் ஒரு பத்து நிமிஷம் உட்காரச் சொல்லுங்கன்னு கேட்டேன். உட்கார்ந்தாங்க. "இப்பம் கேக்குதா ஆச்சி?"ன்னு பையன் கத்தினான். "கேக்குல, ஏன் கத்துத?"ன்னு பதில், ஒரு எழுத்து உடையாம. கிணத்துக்கு மேல துவைக்கல் எங்கே, முருங்கை எந்தப் பக்கம் சாய்ஞ்சிருந்துச்சு, மாட்டுத் தொழு கூரைக்கு என்ன போட்டிருந்துதுன்னு முக்கால் மணி நேரம் ஓடிச்சு. முருங்கை மரம் அந்த விளையாட்டில் கிடையாது. வேற ஏதோ மரத்தை நட்டு இலையைக் குறைச்சு ஒப்பேத்தினானுங்க. "இதுவா முருங்கை"ன்னு அம்மா சிரிச்ச சத்தம் எங்க ஹால் வரைக்கும் கேட்டுது.

கடைசியில் திண்ணைக்கு வந்தாங்க. கட்டை ஒரு மீட்டர், எங்க திண்ணை அவ்வளவு உயரம் இல்லை, அதனால அரைக் கட்டை போட்டான். அண்ணன் மகன் தூண் நட ஆரம்பிச்சான். அம்மாவைக் கேட்டா, எத்தனைன்னு ஞாபகம் இல்லைன்னுட்டாங்க. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நான் அடுத்த ரூமில் துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்போ ஸ்பீக்கரில் அண்ணன் குரல். மைக்குக்குத் தள்ளி, பின்னாடி எங்கேயோ நின்னு பேசுற மாதிரி. "ஏல, அஞ்சுல்லா. தெக்கோரத்துல ஒண்ணு தனியா நிக்கும், சுண்ணாம்பு உதுந்து கெடக்கும்."

எனக்கு எப்படி வாய் வந்துதுன்னு தெரியலை. இங்கேயிருந்தே சத்தமாச் சொன்னேன்: "அஞ்சு இல்ல, நாலு. தெக்கோரத்துல இருந்தது தூணே இல்ல, அப்பா சைக்கிள் சாத்துறதுக்கு நட்ட கல்லு."

"அப்பா, மைக் ஆன்ல இருக்கு"ன்னான் பையன்.

அந்தப் பக்கம் ரெண்டு செகண்டு அமைதி. சர்வர் நின்னுபோச்சோன்னு நான் நினைச்சேன். இல்லை.

"கல்லுன்னு யாரு ஒனக்குச் சொன்னா? அப்பா அதுல சாஞ்சுதானல பேப்பர் படிப்பாவ"ன்னார் அண்ணன்.

"கல்லுலயும் சாயலாம்லாண்ணே."

"போட்டோ இருக்கு. அக்கா கல்யாணத்துல எடுத்தது. பீரோவுல கெடக்கும், தேடி எடுத்து ஞாயித்துக்கெழமை காட்டுதேன். அதுவரைக்கும் அஞ்சு வைய்யிங்கல."

பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். வைன்னு தலையாட்டினேன். இப்போதைக்கு அஞ்சு தூண் நிக்குது. ஆனா அது கல்லுதான்.